குற்றம் காலில் இல்லை

போலியோ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பது ஒரு கால். சூம்பிய கால், இரும்புப் பட்டையும் தோல் வாரும் பூட்டிய கால், தொடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடி அடியாக எடுத்து வைக்கப்படும் கால். மிஷன் வீதியிலும் பெரிய மார்க்கெட்டிலும் கடற்கரைச் சாலையிலும் அவ்வாறு நடந்து செல்லும் பெரியவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். "கால் வராதவர்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதைவிடக் கொடிய சொற்களும் உண்டு. அவற்றை இம்மலரில் எழுத எங்களுக்கு விருப்பமில்லை. எழுதாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கால் ஒரு பிழையும் செய்யவில்லை. அதன் எலும்பில் குறையில்லை. தசையிலும்கூட முதலில் குறையில்லை. தோல்மேல் எறும்பு ஊர்ந்தால் அதற்குத் தெரியும், வெயில் சுட்டால் தெரியும். நோய் நிகழ்ந்த இடம் வேறு. முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தில், கண்ணுக்குத் தெரியாத நரம்பு உயிரணுக்கள் செத்துப்போனதால் வந்த வினை அது. இந்த உண்மையை நம் ஊர் முன்பே நன்றாகப் புரிந்துகொண்டிருந்தால், இன்று சிலராவது வேறுவிதமாக நடந்துகொண்டிருப்பார்கள் என்பது எங்கள் எண்ணம்.

புதிதாகப் போலியோ கண்ட குழந்தையை எங்கள் வகுப்பில் ஒருத்தியும் பார்த்ததில்லை. பார்க்காத நோயைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்று பெற்றோர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இந்தியாவில் இயற்கைப் போலியோக் கிருமியால் கடைசியாக முடக்கப்பட்டவள் மேற்கு வங்காளத்து ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறுமி. அவளுக்கு வாதம் கண்ட நாள் 2011 ஜனவரி 13. தமிழகத்தில் அதற்கு முன்பே, 2004-ஆம் ஆண்டோடு அக்கிருமி ஓய்ந்துவிட்டது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் முழுவதும் போலியோ அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இவற்றையெல்லாம் படித்தபோது எங்களுக்கு மனத்தில் தைத்தது தேதிகள் அல்ல. அந்த ஹவுராச் சிறுமிக்கு ஏறக்குறைய எங்கள் வயது. நாங்கள் தொட்டிலில் கிடந்த காலத்தில், இந்நாட்டில் எங்களைப் போன்ற ஒரு குழந்தைக்கு அது நிகழ்ந்தது. ஆகவே இது தாத்தா காலத்துக் கதை அன்று.

தமிழில் இந்நோய்க்கு இளம்பிள்ளை வாதம் என்று பெயர். எங்களில் பிரெஞ்சு படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பிரெஞ்சிலும் அதன் பழைய பெயர் 'பராலிஸி அன்ஃபான்தீல்', அதாவது அச்சாக அதே பொருள். இரண்டு மொழிகளும் பிள்ளையைச் சொல்கின்றன, முடக்கத்தைச் சொல்கின்றன. நோய் எங்கே குடியிருக்கிறது என்று சொல்லவில்லை. அதைச் சொல்வது கிரேக்கச் சொல்தான். 'போலியோஸ்' என்றால் சாம்பல் நிறம். 'மியேலோஸ்' என்றால் எலும்புக்குள் இருக்கும் சோறு போன்ற பகுதி. தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறத்தில் பட்டாம்பூச்சி சிறகு விரித்தாற்போல ஒரு வடிவம் தெரியும். அந்தச் சாம்பல் பகுதி வெந்து புண்ணாவதே போலியோமியலைட்டிஸ்.

பட்டாம்பூச்சியின் முன் சிறகுகளுக்கு முன்கொம்பு என்று பெயர். கை கால்களை அசைக்கும் இயக்க நரம்பணுக்கள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. இடுப்பு மட்டத்தில் உள்ள ஒரு நரம்பணுவிலிருந்து கிளம்பும் இழை, வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் ஓடிப் பாதத்துத் தசையைப் போய்த் தொடுகிறது. நாம் படி ஏறும்போதும், சைக்கிள் மிதிக்கும்போதும், ஆலயத்தில் முழந்தாளிடும்போதும் மூளையின் கட்டளை அந்த இழை வழியாகத்தான் இறங்குகிறது. 1870-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் ஷார்க்கோ, ழொஃப்ருவா என்ற இரு மருத்துவர்கள், சிறு வயதில் வாதம் கண்டிருந்த ஒரு நோயாளி இறந்தபின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, முன்கொம்பில் இருக்கவேண்டிய அணுக்களைக் காணவில்லை என்று எழுதினார்கள். 1908-இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும் இதற்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத ஒரு தொற்றுக் கிருமி என்று குரங்குகளைக் கொண்டு நிறுவினார்கள். ஆக, குற்றம் காலில் இல்லை என்பது தெரிந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் வீதிகளுக்கு அச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அக்கிருமி மிகச் சிறியது. ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று லட்சம் கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். அதற்கு வாயில்லை, வயிறில்லை, தானாக நகரும் ஆற்றலும் இல்லை. புரதத்தால் ஆன ஓர் ஓடு. அதற்குள் சுமார் 7,500 எழுத்துக்கள் கொண்ட ஆர்.என்.ஏ. என்னும் ஒரே ஒரு சீட்டு. நோய் கண்டவர் மலத்தின் வழியாக வெளியேறி, கழுவாத கையோடும் கெட்டுப்போன தண்ணீரோடும் இன்னொருவர் வாய்க்குள் போகிறது. தொண்டையிலும் குடலிலும் பெருகுகிறது. பெரும்பாலும் அதன் பயணம் அங்கேயே முடிந்துவிடும். தொற்றியவர்களில் பெரும்பகுதியினருக்கு ஒரு தும்மல்கூட வராது. சிலருக்கு இரண்டு நாள் காய்ச்சல். ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் அது நரம்பு மண்டலத்துக்குள் புகுந்து வாதத்தை உண்டாக்குகிறது. இந்த 200-க்கு 1 என்ற கணக்கைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

உள்ளே புகுந்தபின் நடப்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது. எங்கள் அறிவியல் ஆசிரியை கரும்பலகையில் மூன்று முறை வரைந்து காட்டினார்கள். கடைசியில் இந்த ஆண்டு மலர் அச்சாகும் விதத்தை வைத்தே அதை விளக்கிக்கொண்டோம்.

நம் மலரில் எந்தக் கட்டுரையும் அச்சுக்குப் போகவேண்டுமானால் தலைப்பில் பொறுப்பாசிரியையின் கையொப்பம் வேண்டும். அச்சகத்தில் ஒருவர் அந்தக் கையொப்பத்தைப் பார்த்துத்தான் தாளை எந்திரத்துக்கு அனுப்புவார். உயிரணுவும் அப்படியே. அதன் உட்கருவிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டளைச் சீட்டின் முனையிலும் ஒரு குறி உண்டு. அக்குறியைப் படித்து, புரதம் செய்யும் எந்திரத்துக்குச் சீட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் உதவியாளர் புரதம் உண்டு. போலியோக் கிருமி நரம்பணுவின் மேலுள்ள ஏற்பி ஒன்றைப் பூட்டுக்குச் சாவிபோலப் பொருந்திப் பற்றிக்கொண்டு, தன் சீட்டை உள்ளே இறக்குகிறது. உள்ளே போனதும் அது செய்யும் முதல் காரியங்களுள் ஒன்று, கையொப்பம் பார்க்கும் அந்த உதவியாளரை இரண்டாக வெட்டிப்போடுவது. அதன்பின் அணுவின் சொந்தக் கட்டளைகள் ஒன்றும் அச்சேறா. கிருமியின் சீட்டுக்கோ கையொப்பமே தேவையில்லை. எந்திரத்தின் நடுப்பகுதியில் நேரே போய் உட்கார அதற்கு ஒரு புறவாசல் இருக்கிறது. ஆகவே அந்த அச்சகம் இரவு பகலாகக் கிருமியை மட்டுமே அச்சிடத் தொடங்கிவிடுகிறது.

உயிரணுக்கும் ஒரு தற்காப்பு உண்டு. தன்னுள் பகை புகுந்துவிட்டது என்று கண்டால் மற்ற அணுக்களைக் காப்பாற்றத் தன்னையே அழித்துக்கொள்ளும் திட்டம் ஒன்று அதனிடம் இருக்கிறது. போலியோக் கிருமி அதையும் தடுத்து நிறுத்தி, தன் வேலை முடியும்வரை அணுவைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது என்று ஆய்வுக்கூடத்து அணுக்களில் கண்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. அறிவே இல்லாத ஒரு துகள் இத்தனை தந்திரம் செய்கிறதே! ஆறு முதல் எட்டு மணி நேரம், அதாவது நம் பள்ளியில் காலை மணி அடித்து மாலை மணி அடிப்பதற்குள், ஆயிரக்கணக்கான புதுக் கிருமிகள் உருவாகி, அணு வெடித்து, அவை பக்கத்து அணுக்களைத் தேடிப் போகின்றன. செத்த அணுவை வெள்ளணுக்கள் வந்து தின்று துப்புரவாக்கிவிடுகின்றன. ஷார்க்கோ பார்த்தபோது அணுக்கள் காணாமற் போயிருந்தது இதனால்தான்.

முழங்காலில் சிராய்த்தால் ஒரு வாரத்தில் புதுத்தோல் வருகிறது. குடலின் உட்பூச்சு சில நாள்களுக்கொரு முறை புதிதாகிறது. தண்டுவடத்து இயக்க நரம்பணு ஒரு முறை செத்தால் செத்ததுதான். அந்த இடத்தில் வேறொன்று முளைப்பதில்லை. கட்டளை வராத தசை வேலையின்றி மெலிகிறது. தசை இழுக்காததால் எலும்பும் சரியாக வளர்வதில்லை. குழந்தை வளர, கால் பின்தங்குகிறது. நாம் பார்ப்பது இந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டுமே. கிருமியோ தொடு உணர்ச்சியைச் சுமக்கும் நரம்புகளை விட்டுவிடுகிறது. கொசு கடிப்பது அந்தக் குழந்தைக்குத் தெரியும். காலை இழுத்துக்கொள்ளத்தான் முடியாது.

சிலருக்குக் கிருமி கழுத்துக்கும் மூளைத் தண்டுக்கும் ஏறிவிடும். அப்போது மூச்சுத் தசைகள் நின்றுபோகும். வாதம் கண்டவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேர் இவ்வாறு இறந்தார்கள். அங்கும் நுரையீரல் கெட்டுப்போவதில்லை, கட்டளைதான் வருவதில்லை. இதை உணர்ந்த இப்சன் என்ற மருத்துவர் 1952-இல் கோபன்ஹேகன் நகரத்தில், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கியே நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுக்கலாம் என்று காட்டினார். எந்திரங்கள் போதவில்லை. மருத்துவக் கல்லூரி மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களுமாகச் சுமார் 1,500 பேர் முறைபோட்டு, இரவும் பகலும் படுக்கையருகே உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். இன்று எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்துதான் பிறந்தது என்கிறார்கள். எங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள் அம்மாணவர்கள்!

இனி நம் ஊருக்கு வருவோம். கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரை அறியாதவர் இல்லை. பிரெஞ்சுக்காரர் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி அதன் மூத்த தலைமுறை. 1964 முதல் அது ஜிப்மர். அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் தங்களிடம் வந்த போலியோக் குழந்தைகளைப் பற்றி இருபது ஆண்டுகளின் புதுச்சேரி அனுபவம் என்று 1989-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடுத்து 1992-இல், வையட் என்ற ஆங்கில ஆய்வாளரும் ஜிப்மர் மருத்துவர்களும் சேர்ந்து இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பொருள் நம்மைச் சுடக்கூடியது: தேவையில்லாத ஊசியும் இளம்பிள்ளை வாதமும்.

காய்ச்சல் வந்தால் ஊசி போடவேண்டும் என்பது நம் மக்களின் அசையாத நம்பிக்கை. மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரை நம்புவதில்லை. "ஒரு ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். போலியோக் கிருமி ஊரில் உலவிய காலத்தில் இது எப்பேர்ப்பட்ட ஆபத்து என்று பாருங்கள். ஒரு குழந்தையின் இரத்தத்தில் கிருமி இருக்கிறது. அதற்கு வெறும் காய்ச்சல்தான். விட்டுவிட்டால் 200-ல் 199 பேரைப் போலத் தானே தேறியிருக்கும். அந்த நேரத்தில் தொடையில் ஓர் ஊசி. ஊசி குத்திய தசையில் சிறு காயம். காயம்பட்ட தசையிலிருந்து தண்டுவடத்துக்கு ஓடும் நரம்பிழை, அந்த வேளையில் கீழிருந்து மேலே சரக்கேற்றும் வேலையை விரைவுபடுத்துகிறது. கிருமி அந்த இழையில் ஏறி, நேரே முன்கொம்புக்குப் போய் இறங்குகிறது. குத்திய காலே விழுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மெக்ளாஸ்கி என்ற மருத்துவர், ஊசி போட்ட கைகாலிலேயே வாதம் வருகிறது என்று 1950-இல் எழுதினார். அது எப்படி நிகழ்கிறது என்பதை 1998-இல் கிரோமையர், விம்மர் என்ற இருவர் எலிகளைக் கொண்டு விளக்கினார்கள்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெரியம்மாவுக்கு இரண்டு வயதில் இப்படித்தான் ஆயிற்று. 1970-ஐ ஒட்டிய ஆண்டு. இரண்டு நாள் காய்ச்சல். ஆயா குழந்தையை ரிக்‌ஷாவில் தூக்கிப்போய், ஊசி போடச் சொல்லிக் கேட்டு, போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் விடியற்காலை வலது கால் தொங்கியது. ஆயா ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி அழுவது என்ன தெரியுமா? உச்சிப் பொழுதில் குழந்தையைப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோனேன், காற்று அடித்துவிட்டது, என் பாவம் என்பார். அதற்காக அவர் இருக்காத நோன்பில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் படித்துவிட்டு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது. புளியமரம் காரணமில்லை என்று ஆயாவிடம் சொல்லலாம், அது நல்லது. ஆனால் உடனே அவர், பிறகு எதனால் என்று கேட்பாரே? ஊசி என்று சொன்னால், அதையும் நான்தானே கேட்டு வாங்கினேன் என்று இன்னோர் ஐம்பது ஆண்டுப் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வாரே? சிலர் உண்மையை மறைப்பது பொய்க்குச் சமம் என்றார்கள். எங்களில் பலருடைய முடிவு இது: ஒரு தனிக் குழந்தைக்கு ஊசியால்தான் கால் விழுந்தது என்று ஒருவராலும் உறுதி சொல்ல முடியாது, ஊசி இல்லாமலும் விழுந்திருக்கலாம். மேலும், பயந்துபோய்க் கேட்ட தாயைவிட, மருத்துவம் படித்துவிட்டு மறுக்காமல் குத்தியவருக்கே பொறுப்பு அதிகம். 1950-லேயே அச்சில் வந்த செய்தி அது. அன்று குத்தியவர் யார் என்பதும் இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆகவே ஆயாவிடம், "அது ஒரு கிருமி ஆயா, தண்ணீரில் வந்தது, உங்கள் பாவம் ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்வது என்று தீர்மானித்தோம். சொன்னோம். நம்பினாரா என்று தெரியவில்லை. கண் பார்வை மங்கிவிட்டதால் இம்மலரை அவர் படிக்கப் போவதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தடுப்பூசிக்கு அஞ்ச வேண்டியதில்லை. கிருமி உலவாத ஊரில் ஊசியால் போலியோ வாதம் வர வழியே இல்லை. அக்கிருமியை ஊரைவிட்டு விரட்டியதே தடுப்பு மருந்துகள்தாம். நாங்கள் குறை சொல்வது, சளிக்கும் சோர்வுக்கும் கேட்டு வாங்கிக் குத்திக்கொள்ளும் ஊசியை. அந்தப் பழக்கம் இன்னும் நம் ஊரைவிட்டுப் போகவில்லை. போலியோ போய்விட்டது, பழக்கம் இருக்கிறது; வேறு நோய்கள் அந்த ஊசி முனைக்காகக் காத்திருக்கின்றன.

சொட்டு மருந்து நாளில் வீட்டு வாசலுக்கு வரும் அக்காமார்களிடம் நம் பெற்றோர் சிலர், "குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது, போன முறைதானே போட்டோம், மறுபடியும் எதற்கு?" என்று கேட்பதை நாங்கள் கேட்டிருக்கிறோம். விடை அந்த 200-க்கு 1 கணக்கில் இருக்கிறது. ஒரு குழந்தைக்குக் கால் விழுந்தது என்றால், அதே நேரத்தில் ஏறக்குறைய 200 குழந்தைகள் ஒன்றும் தெரியாமல் ஓடியாடிக்கொண்டே கிருமியைச் சுமந்திருக்கிறார்கள் என்பது பொருள். நோயாளியை மட்டும் ஒதுக்கி வைத்துப் பயனில்லை. எல்லாக் குடல்களிலும் ஒரே நேரத்தில் காவல் போட்டால்தான் கிருமிக்கு இடமிராது.

மறுபடியும் எதற்கு என்பதற்கு விடை கண்டவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் ஜேக்கப் ஜான், மேல்நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று முறை சொட்டு மருந்து போதுமாயிருக்க, நம் குழந்தைகளில் பலருக்கு அது போதவில்லை என்று இரத்தத்தைச் சோதித்துக் காட்டினார். கூடுதல் முறைகள் தேவை என்றார். வேலூர் நகரத்தில் ஒரே காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்து நோயைக் கட்டுப்படுத்தியதை அவரும் அவருடைய குழுவினரும் 1983-இல் எழுதினார்கள். இந்தியா முழுவதும் அத்தகைய முகாம்கள் தொடங்கியது 1995-இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. வேலூரில் தெரிந்தது டில்லிக்கு எட்ட அத்தனை காலமா? அந்த ஆண்டுகளில் முடங்கியவர்களுக்கு இன்று முப்பதும் நாற்பதும் வயது.

சொட்டு மருந்தில் குறையே இல்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை ஆகாது. அதில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுக்குறைந்த போலியோக் கிருமி. மிக மிக அரிதாக, பலர் மருந்து போடாத இடங்களில், அது ஆளுக்கு ஆள் தாவித் தாவிப் பழைய வலிமையைத் திரும்பப் பெற்றுவிடக்கூடும். 2024-இல் மேகாலயாவின் மேற்கு காரோ மலைப் பகுதியில் ஒரு குழந்தைக்கு மருந்திலிருந்து பிறந்த கிருமியால் வாதம் கண்டதாகச் செய்தி வந்தது. அதே ஆண்டு போர் நடந்த காஸாவில் 25 ஆண்டுகளுக்குப் பின் ஒரு கைக்குழந்தைக்குப் போலியோ கண்டது, அதுவும் அவ்வகையே. இதைத் தடுக்கத்தான் மூன்று வகைக் கிருமிகளில் இரண்டாம் வகையை 2016-இல் சொட்டு மருந்திலிருந்து நீக்கிவிட்டார்கள். செத்த கிருமியால் ஆன தடுப்பூசியையும் நம் குழந்தைகளுக்குச் சேர்த்துப் போடுகிறார்கள். இயற்கைக் கிருமியிலும் ஒரு வகைதான் மிஞ்சியிருக்கிறது. அதன் கடைசிப் புகலிடம் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும். ஆகவே குறையைக் கேட்டு மருந்தை நிறுத்துவது தலைகீழான முடிவு. போடாதவர்கள் கூடும் இடத்தில்தான் அந்த ஆபத்தே பிறக்கிறது.

பெரியவர்களாகிவிட்ட நோயாளிகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வாதம் கண்டபின் தப்பிப் பிழைத்த நரம்பணுக்கள் சும்மா இருப்பதில்லை. செத்த அணுக்களின் பங்கையும் தாங்களே எடுத்துக்கொண்டு, புது இழைகளைக் கிளைவிட்டு, அநாதையாகிவிட்ட தசைகளையும் இயக்குகின்றன. குழந்தை ஓரளவு எழுந்து நடக்கத் தொடங்குவது இதனால்தான். ஒரு வீட்டில் மூத்த பிள்ளை எல்லாருக்கும் சேர்த்து உழைப்பதுபோல என்று சொல்லலாம். ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகள் இருமடங்கு உழைத்தபின் அந்த அணுக்கள் களைத்துப்போகின்றன. இழைகள் உதிர்கின்றன. ஐம்பது வயதில், நன்றாக இருந்த காலும் தளர்கிறது, தோள் வலிக்கிறது, முன்பு ஏறிய படியை ஏற முடிவதில்லை. தோழியின் பெரியம்மா இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறார். வீட்டில் உள்ளவர்கள் அதை வயதென்றும் சோம்பலென்றும் நினைத்தார்கள். இன்னும் முயன்று நடக்கச் சொன்னார்கள். களைத்த அணுவை மேலும் களைப்பாக்குவது தவறு. இடையிடையே ஓய்வு கொடுத்து, தாங்குகட்டையும் சக்கர நாற்காலியும் பயன்படுத்துவதே சரி என்கிறார்கள் மருத்துவர்கள். சக்கர நாற்காலியைத் தோல்வியாக நினைப்பது நம் வீம்பு, அவருடைய உடம்புக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்கள் எல்லாரும் நுழையத்தக்கனவாய் இருக்கவேண்டும் என்கிறது. பெரியம்மா மாதம் ஒரு முறை போகவேண்டியிருக்கும் ஓர் அலுவலகத்தின் வாசலில் ஒன்பது படிகள். கைப்பிடி இல்லை. அவர் கீழே ஆட்டோவில் உட்கார்ந்திருக்க, நாங்கள் இரண்டு பேர் மேலே போய், அவர் வந்திருக்கிறார் என்று சொல்லிக் காகிதத்தைக் கீழே கொண்டுவந்து கையொப்பம் வாங்கித் திரும்பக் கொண்டுபோகிறோம். சாய்தளம் அமைக்கும்படி வேண்டி எங்கள் வகுப்பில் ஒரு மனு எழுதியிருக்கிறோம். அடுத்த மாதம் பெரியம்மாவோடு போகும்போது அதைக் கொடுக்கப் போகிறோம். பெற்றோர்கள் கையொப்பமிட விரும்பினால் பத்தாம் வகுப்பு அறையில் கிடைக்கும்.